துண்டுத்தாயி கட்டின சரம்

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு. ம் சொல்லுடி கண்ணி. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும், இல்லாட்டி அது பாட்டுக்கு அங்கேயே நின்னுட்டிருக்கும்.

"எனக்குக் கதை வேணாம் பெரிம்மா. நான் ஓசூருக்கு வர மாட்டேன். அந்தப் புது வீடு எனக்கு வேணாம். நான் உங்க வீட்டுலயே இருக்கேன்."

இரு, யாரு வேணாம்னா? ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில பஸ்ஸு நிக்கும், உங்கப்பன் டிக்கெட்டும் எடுத்துட்டான். ராத்திரி முழுக்க பஸ்ல குலுங்கணும். இப்ப ஒரு தூக்கம் போட்டுக்க ஆத்தா. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா எனக்கென்ன, ஒரு காது இந்தப் பக்கம்தானே இருக்கு. எனக்கும் இந்தக் கூடைப் பூவைக் கட்டி முடிக்கணும். கை அது வேலையப் பார்க்கட்டும், வாய் கதை சொல்லட்டும். இது உங்க சங்கவி அக்கா காலேஜ்ல படிக்கிற சமாச்சாரம். பரீட்சைக்கு என் மக கத்திக் கத்திப் படிச்சதுல அவளுக்கு ஏறுச்சோ இல்லையோ, பக்கத்துல உக்காந்து பூக்கட்டின எனக்கு ஏறிருச்சு.

ஒரு ஊர்ல ஒரு வீடுன்னேனா? அந்த ஊரு எதுன்னு நெனைக்கிற? நம்ம அடுப்படியில இருக்கே தயிர்ச்சட்டி, அதுதான் ஊரு. அந்த வீடு எவ்வளவு பெருசு? உன் சுண்டுவிரல் நகம் இருக்குல்ல, அது மேல வரிசையா ஆயிரக்கணக்குல வீடு கட்டலாம். அவ்வளவு பெருசு!

"பொய்."

பொய்யா? எந்திரிச்சுப் போய் உங்க அக்காகிட்ட கேளு. அவ அதுக்கு பாக்டீரியான்னு பேரு சொல்லுவா. நான் வீடுன்னு சொல்றேன். ஒரே ரூமு. அடுப்படி தனியாக் கிடையாது, சாமி ரூமு கிடையாது. நடுக்கூடத்துல ஒரே ஒரு பூச்சரம் சுருண்டு கெடக்கும். அதுக்கு நுனியும் கிடையாது, அடியும் கிடையாது, வளையம். பிரிச்சுப் போட்டா அந்த வீட்டை மாதிரி நூறு மடங்குக்கு மேல நீளம் வரும். எப்படித்தான் உள்ள திணிச்சாங்களோ, நீ பள்ளிக்கூடப் பையில திணிக்கிறியே அந்த மாதிரி. சங்கவி அதை டி.என்.ஏ.ன்னு சொல்லுவா. எனக்கு அது சரம்தான்.

ஆனா சாதாரணச் சரம் இல்ல, ரெண்டு இழை ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்ட சரம். பூவு மொத்தமே நாலு வகை. மல்லி, கனகாம்பரம், பிச்சி, மரிக்கொழுந்து. இந்த இழையில மல்லி இருந்தா எதிர் இழையில கனகாம்பரம்தான் இருக்கணும். பிச்சி இருந்தா எதிர்ல மரிக்கொழுந்து. ஜோடி மாறவே கூடாது. ஏன்னா அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியணுமோ அத்தனையும் அந்தப் பூ வரிசையிலதான் இருக்கு. பாலை எப்படிச் சாப்பிடணும், எப்படிப் புளிக்க வைக்கணும், ஓட்டை விழுந்தா சுவரை எப்படிப் பூசணும், எல்லாம். சரம் இல்லாத வீட்டுக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம், செத்துப் போயிரும்.

"ம்."

ஆங், அப்படி வா வழிக்கு.

அந்த வீட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. ரெண்டு பேரும் என்னை மாதிரி பூக்கட்டுறவங்க. அக்கா பேரு சரசரக்கா. தங்கச்சி பேரு துண்டுத்தாயி. கூட ஒரு முறுக்கு மாமா. தின்ற முறுக்கு இல்லடி, முறுக்கிக்கிட்ட சரத்தை லேசாக்கி விடுற மாமா. அவரு இடுப்புல எப்பவும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும்.

அப்புறம் ஒரு நாள் நான் என்ன பண்ணேன், வெதுவெதுன்னு இருந்த பாலுல ஒரு கரண்டி உறை மோரை எடுத்து ஊத்திட்டேன். தொபுக்! அந்த வீடு போய்ப் பாலுக்குள்ள விழுந்துச்சு. சுத்தி எங்க பார்த்தாலும் சாப்பாடு! கபகபகபன்னு தின்னுச்சு. தின்னுத் தின்னு வீடு நீளமா வளர்ந்துச்சு. அப்புறம், இனிமே ஒரு வீடாக் கெடந்தா சரிப்படாது, நடுவுல குறுக்குச் சுவரு வச்சு ரெண்டு வீடாப் பிரிஞ்சுக்க வேண்டியதுதான்னு முடிவாயிருச்சு.

"எதுக்குப் பிரியணும்? ஒண்ணாவே இருக்கலாம்ல?"

வளர்ந்துட்டா பிரியத்தான் வேணும், தங்கம். நீ கேள்வி கேக்காத, ம் மட்டும் சொல்லு.

வீடு ரெண்டானா சரமும் ரெண்டு வேணுமே! இருக்கிறது ஒண்ணு. சரத்தைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள சுவரு வந்துட்டா, சரத்து மேலயே நறுக்குனு எறங்கிரும். இந்த வீடும் போச்சு, அந்த வீடும் போச்சு. வழக்கமா சுவரு பொறுமையா நிக்குமாம். அன்னைக்குப் பாரு, பாலுல சூடு கொஞ்சம் தூக்கலாப் போச்சு. என் தப்புத்தான், ஒத்துக்கிறேன். எல்லாத்துக்கும் அவசரம். சரத்தைப் பிரிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே சுத்துச் சுவருலேர்ந்து கிர்ர்ர் கிர்ர்ர்னு குறுக்குச் சுவரு உள்ள வளர ஆரம்பிச்சிருச்சு.

சரத்தைக் கண்ட எடத்துல பிரிக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரே ஒரு எடம் இருக்கு. அங்க விரலை விட்டு ரெண்டு இழையையும் விலக்கினாங்க. விலக்கின எடத்துலேர்ந்து ரெண்டு கூட்டம் கிளம்புச்சு, ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம். வளையம்தானே, ரெண்டும் சுத்திப் போய் எதிர்ப்பக்கம் சந்திச்சுக்கும். அந்தப் பக்கத்துலயும் இவங்கள மாதிரியே பூக்கட்டுறவங்க ரெண்டு பேரு, அந்தக் கூட்டம் அதுபாட்டுக்குப் போகட்டும். நம்ம சரசரக்காவும் துண்டுத்தாயியும் இந்தப் பக்கம். பிரிஞ்ச இழையில ஒண்ணு அக்காவுக்கு, ஒண்ணு தங்கச்சிக்கு. அவங்கவங்க இழையைப் பார்த்து, எதிர் ஜோடிப் பூவா வச்சுப் புது இழை கட்டணும். அதுதான் வேலை.

இப்ப என் கையைப் பாரு. பூவை வச்சேன், நாரைச் சுத்தினேன், இழுத்தேன். ஒரு கண்ணி. பூவை வச்சேன், சுத்தினேன், இழுத்தேன். இன்னொரு கண்ணி. உன் பேரு அங்கயற்கண்ணி, ஊரெல்லாம் அதைச் சாமி பேருங்கும். எனக்கென்னவோ உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் பூக்கட்டுற மாதிரிதான் இருக்கு. சரி, கவனி. என் கை இந்தப் பக்கமாத்தானே போகுது? எதிர்ப்பக்கமாக் கட்டுன்னா கட்ட வராது, பூவெல்லாம் உதிர்ந்து மடியில கெடக்கும். அந்த அக்கா தங்கச்சிக்கும் அப்படித்தான், கை ஒரு பக்கமாத்தான் போகும். ஆனா அந்த ரெண்டு இழை இருக்கே, ஒண்ணு இப்படிப் போனா இன்னொண்ணு அப்படிப் போகும். எதிரும் புதிரும்.

அதனால சரசரக்காவுக்குக் கொள்ளை ராசி. இழை பிரியப் பிரிய அவ கை போற பக்கமே பிரியும். சரசரசரசரன்னு ஒரே மூச்சுல கட்டிக்கிட்டே போவா. துண்டுத்தாயிக்கு? இழை முன்னாடி பிரியுது, கையோ பின்னாடி போகுது! அவ என்ன பண்ணுவா? கொஞ்ச தூரம் பிரியட்டும்னு காத்துக்கிட்டு நிப்பா. அப்புறம் குடுகுடுன்னு முன்னாடி ஓடுவா. ஒண்ணுமில்லாத எடத்துல பூக்கட்டு தொடங்காதுல்ல, அதனால பச்சை நாரு ரெண்டு சுத்து சுத்தித் தொடங்கிக்குவா. அங்கேர்ந்து பின்பக்கமாக் கட்டிக்கிட்டே வருவா. ஏற்கெனவே கட்டி வச்ச துண்டு வரைக்கும் வந்துருவா. மறுபடி குடுகுடுகுடு. மறுபடி நாரு. மறுபடி ஒரு துண்டு. அப்புறம் தொடங்குறதுக்குச் சுத்தின பச்சை நாரையெல்லாம் உருவிட்டு, அந்த எடத்துக்கும் பூ வச்சு, துண்டையும் துண்டையும் முடிச்சுப் போட்டு ஒட்டுவா. அதனாலதான் அவ துண்டுத்தாயி.

அக்காவுக்கு இதைப் பார்த்தா ஒரே சிரிப்பு. "என்னோடது ஒரே இழை. உன்னோடது அத்தனையும் ஒட்டு. ஒட்டுத்துணி தைக்கிறவ மாதிரி என்னடி இது, வெளிய சொன்னா வெக்கக்கேடு!" அப்படிம்பா.

துண்டுத்தாயிக்கு மூக்கு வெடைக்கும். ஆனா பதில் பேச நேரமில்ல, ஓடணும். அவளுக்கு மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது. சுவரு வர்றதுக்குள்ள என் இழை முடியணும். என்னாலதான் வீடு செத்துச்சுன்னு பேரு வந்துரக் கூடாது.

"அந்த அக்கா கெட்டவ."

கெட்டவ இல்லடி, வாயாடி. உன்னை மாதிரி. கேளு.

கொஞ்ச தூரம் போனாங்க. முதல் இக்கட்டு வந்துச்சு. ரெண்டு இழையும் முறுக்கிக் கெடக்குற சரத்தை இந்தப் பக்கம் பிரிச்சுக்கிட்டே போனா என்னாகும்? முன்னாடி இருக்கிற சரம் மேல மேல முறுக்கேறும். உன் சடையை நான் இழுத்துப் பின்னும்போது நீ ஆ ஆங்குறியே, அந்த மாதிரி கிறுகிறுகிறுன்னு முறுக்கேறி, கல்லு மாதிரி ஆகிப்போச்சு. இனிமே ஒரு பூ நகராது. சுவரு கிர்ர்ர்னு ஒரு சுத்து உள்ள வந்துருச்சு. "மாமா!"ன்னு கத்தினாங்க. முறுக்கு மாமா ஓடியாந்தாரு. கத்தரிக்கோலை எடுத்தாரு. டக்! சரத்தை வெட்டினாரு. வெட்டின ரெண்டு முனையையும் விடலை, ரெண்டு கையிலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. நடுவுல முறுக்கின சரத்தை உள்ள விட்டு அந்தப் பக்கம் எடுத்தாரு. விர்ர்ர்னு முறுக்கு எறங்குச்சு. மறுபடி முனையை ஒட்டினாரு. வெட்டின எடமே தெரியல. துண்டுத்தாயி இதைக் கண்ணு கொட்டாமப் பார்த்துக்கிட்டிருந்தா. அக்கா மட்டும், "அய்யய்யோ, சரத்தைப் போய் வெட்டுறாரே"ன்னு கண்ணைப் பொத்திக்கிட்டா.

"ம்."

அப்புறம் ரெண்டாவது இக்கட்டு. இது துண்டுத்தாயி தானே இழுத்துவிட்டுக்கிட்டது. அக்கா ரொம்ப தூரம் முன்னாடி போயிட்டா. சுவரு சத்தம் காதுக்குள்ள கேக்குது. இவளுக்குக் கை பரபரங்குது. குடுகுடுன்னு ஓடி, விறுவிறுன்னு கட்டி, அந்த அவசரத்துல பிச்சிக்கு எதிர்ல மரிக்கொழுந்து வைக்கிறதுக்குப் பதிலா கனகாம்பரத்தை வச்சு இழுத்துட்டா. அடுத்த பூவை எடுத்தா. அப்போ கட்டைவிரல்ல என்னமோ இடறுச்சு. பூக்கட்டுறவளுக்குக் கண்ணு விரல்லதான், தெரியும்ல? ஜோடி சரியா இருந்தா பூ அமுங்கி உக்காரும். தப்பா இருந்தா புடைச்சுக்கிட்டு நிக்கும். தடவிப் பார்த்தா. அடக் கடவுளே!

அக்கா தூரத்துலேர்ந்து கத்துறா. "என்னடி நின்னுட்ட? சுவரு வருதுடி!"

"ஒரு பூவு மாறிருச்சுக்கா."

"ஒரே ஒரு பூவுதானே, விட்டுட்டு வா!"

துண்டுத்தாயிக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இருந்தாலும் அவ சொன்னா, "அந்த ஒரு பூவுலதான் பாலைப் புளிக்க வைக்கிற விதம் இருக்குதோ என்னவோ. பிரிஞ்சு போற வீடு பட்டினி கெடந்தா யாருக்கா பதில் சொல்றது?" சொல்லிட்டு விசுக்னு ஒரு கண்ணி பின்னாடி போனா, கனகாம்பரத்தை உருவிப் போட்டா, மரிக்கொழுந்தை வச்சா, இழுத்தா, விரலால அமுக்கிப் பார்த்தா. ஆங், உக்காந்துச்சு. அப்புறம்தான் அடுத்த பூ. அக்காவும் விரலால தடவித் தடவித்தான் கட்டுறா, அதை அவ வெளிய சொல்லிக்க மாட்டா.

காலை ஆட்டாதடி, பூவு சாயுது. ம் எங்க?

"ம்ம்."

அப்புறம் ஓடி ஓடி, கட்டிக் கட்டி, எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்துட்டாங்க. அந்தப் பக்கத்துக் கூட்டமும் சரியா வந்துருச்சு. துண்டுத்தாயி கடைசிப் பச்சை நாரை உருவினா, பூ வச்சா, கடைசி முடிச்சைப் போட்டா. முடிஞ்சது! ரெண்டு சரம்! ரெண்டு முழு வளையம்! எல்லாரும் குதிக்கிறாங்க. ஆளுக்கொரு வளையத்தைப் பிடிச்சு, அக்கா அந்தக் கோடிக்கு இழுக்கிறா, தங்கச்சி இந்தக் கோடிக்கு இழுக்கிறா. ஹேய் ஹேய்! ம்ஹூம். வரலை. ஏன் வரலை? முதல்லயே ரெண்டு இழையும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டுத்தானே கெடந்துச்சு? இப்ப வளையம் ரெண்டும் சாவிக்கொத்து வளையம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு!

மூணாவது இக்கட்டு. சுவரு இப்போ நாலாப் பக்கமும் வளர்ந்து, நடுவுல ஒரு சின்ன ஓட்டைதான் பாக்கி. ரெண்டு சரமும் அந்த ஓட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. கிர்ர்ர்ர்.

முறுக்கு மாமா கத்தரிக்கோலை எடுத்துட்டாரு. "ஒரு வளையத்தை வெட்டித்தான் ஆகணும். ரெண்டு இழையையும் சேர்த்து. யாரோடதை வெட்ட? சட்டுன்னு சொல்லுங்க!"

சரசரக்கா தன் சரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "மாமா, வேணாம் மாமா. என்னோடது ஒரே இழை. எனக்கு ஒட்டத் தெரியாது. ஒரு தடவைகூட ஒட்டினதில்ல. வெட்டினா அப்படியே போயிரும் மாமா."

அப்போ துண்டுத்தாயி ஒரு எட்டு முன்னாடி வந்தா. கையில அவ சரம். "என்னோடதை வெட்டுங்க"ன்னா.

"ஏண்டி, உனக்குப் பயமா இல்லையா?"ன்னு அக்கா கேட்டா.

"பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒட்டத் தெரியும். தொடங்கினதுலேர்ந்து ஒட்டிக்கிட்டுத்தானே வர்றேன்? இன்னொண்ணு ஒட்ட மாட்டேனா? வெட்டுங்க மாமா."

டக்! மாமா வெட்டிட்டாரு. ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "இழு!"ன்னாரு. அந்த இடைவெளியில அக்காவோட வளையம் சர்ர்ருனு நழுவி அந்தப் பக்கம் போயிருச்சு. கிர்ர்ர்ருனு ஓட்டை சின்னதாகுது. துண்டுத்தாயி முனையையும் முனையையும் சேர்த்தா. பூ வரிசை சரியான்னு விரலால ஒரு தடவு தடவினா. நாரைச் சுத்தினா, இழுத்தா. ஒரு கண்ணி. விழுந்துச்சு!

மூடப்போற ஓட்டை வழியா அக்கா மூஞ்சி தெரிஞ்சுச்சு. வாயாடி அக்கா, கண்ணுல தண்ணி. "ஏய் துண்டு! உன் ஒட்டு எங்கேயும் தெரியவே இல்லடி!"ன்னா. "அக்கா"ன்னா இவ. டப். சுவரு மூடிருச்சு. வீடு ரெண்டாயிருச்சு.

கண்ணி? ஏய், அழுகுறியா? இங்க வா, மடியில தலையை வை. பூவு கசங்கினாக் கசங்கிட்டுப் போகுது. கதை இன்னும் முடியல.

துண்டுத்தாயியும் உன்னை மாதிரித்தான் உக்காந்து அழுதா. புது வீடு, மாமாவும் மத்தவங்களும் சுவருக்கு அந்தப் பக்கம், பேசக்கூட ஆளில்ல. பழைய வீடு அக்காவுக்குப் போயிருச்சு, நான்தான் வெளிய வந்து விழுந்துட்டேன்னு நெனைச்சு ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே மடியில கெடந்த சரத்தைத் தடவினா. ஒரு இழை அவளுக்குத் தெரியும். புதுசு, ஒட்டு ஒட்டா, அவ கட்டினது. ஆனா அதைச் சுத்திக்கிட்டு இன்னொரு இழை இருக்கே, அது எது? தடவித் தடவிப் பார்த்தா. பழைய இழை! தொடக்கத்துலேர்ந்து அந்த நடுக்கூடத்துல கெடந்துச்சே, அந்த முதல் சரத்துல பாதி. அதைப் பார்த்துத்தானே இவ புது இழையைக் கட்டினா? அது இவகூடவே வந்துருச்சு. அப்போ அக்காகிட்ட? அக்காகிட்டயும் அதே மாதிரி பழைய பாதி ஒண்ணு, அக்கா கட்டின புதுப் பாதி ஒண்ணு. இப்ப நீ சொல்லு. இதுல எதுடி பழைய வீடு? எது புது வீடு?

"ம்ம்."

துண்டுத்தாயி அழுகையை நிறுத்தினா. கண்ணைத் தொடச்சுக்கிட்டா. சுவத்துல காதை வச்சா. அந்தப் பக்கம் சரசரசரன்னு சத்தம். அக்கா அடுத்த சரத்தை ஆரம்பிச்சுட்டா! "ஓகோ, நீ மட்டும்தானா?"ன்னு இவளும் எந்திரிச்சா. குடுகுடுகுடு. ஒரு வீடு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு. அத்தனை வீடும் பாலைப் புளிக்க வச்சுப் புளிக்க வச்சு, விடிஞ்சு நான் மூடியைத் தெறந்து பார்த்தா, கரண்டி நிக்கிற மாதிரி கெட்டித் தயிரு. காலையில நீ வழிச்சு வழிச்சு நக்குனியே, அதேதான்.

உங்கம்மா பையில ஒரு சின்ன தூக்குச்சட்டி வச்சிருக்கேன். அதுல ரெண்டு கரண்டி உறை மோரு. ஓசூர்ல எறங்கினதும் பாலைக் காய்ச்சி, வெதுவெதுன்னு ஆறினதும் உன் கையால நீதான் ஊத்தணும். உங்கம்மாவை ஊத்த விடாத, அவளுக்குச் சூடு பார்க்கத் தெரியாது. அங்க நீ தயிரு ஊத்திச் சாப்பிடும்போது இங்க நானும் சாப்பிடுவேன். ரெண்டும் ஒரே தயிருதான் தங்கம். எனக்கு மட்டும் அழுகை வரலையா? காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டுத்தான் கட்டிக்கிட்டிருக்கேன். இந்தச் சரத்துலகூட ரெண்டு எடத்துல ஜோடி மாத்தி வச்சுட்டேன் பாரு, பிரிச்சுக் கட்டணும். உன் தலைக்கு வைக்கிற பூவு, தப்பா இருக்கலாமா?

ம் சொல்லுடி. ஏய், கண்ணி.

தூங்கிட்டா. வாயைத் தெறந்துக்கிட்டு, ஒரு கை பூக்கூடைக்குள்ள.

சரி, கதையும் உறைஞ்சுது, கண்ணியும் உறங்கியாச்சு. அஞ்சு மணிக்கு எழுப்புறேன், தூங்கு ஆத்தா.